பாகிஸ்தான் ராணுவம் - பி.எல்.ஏ மோதல் ஏன்? பலுசிஸ்தானில் என்னதான் பிரச்னை? முழு விவரம்

2025 மார்ச் 11. பலுசிஸ்தான் தலைநகர் குவெட்டாவில் இருந்து பெஷாவருக்குக் கிளம்பியது ஜாஃபர் எக்ஸ்பிரஸ். 9 பெட்டிகள், சுமார் 440 பயணிகள். போலன் கணவாய் பகுதியில் தண்டவாளத்தைக் குண்டு வைத்துத் தகர்த்து, ரயிலை மொத்தமாகப் பிடித்தார்கள் ஆயுதக் குழுவினர். அடையாள அட்டையைப் பார்த்து ராணுவத்தினரைத் தனியாகப் பிரித்தார்கள். 'சிறையில் இருக்கும் பலூச் கைதிகளை 48 மணி நேரத்தில் விடுங்க' என்று கெடு வைத்தார்கள்.

மறுநாள் இரவு ராணுவ நடவடிக்கை முடிந்தது. 33 தீவிரவாதிகளைக் கொன்றதாகவும், தங்கள் தரப்பில் பயணிகள், வீரர்கள் என 31 பேர் இறந்ததாகவும் ராணுவம் சொன்னது. 'இல்லை, 214 பிணைக்கைதிகளைக் கொன்றோம்' என்றது ரயிலைப் பிடித்த பி.எல்.ஏ, அதாவது பலூச் விடுதலைப் படை. ஒரே சம்பவம், இரண்டு கணக்கு!

யார் இவங்க? எதற்காக இந்தச் சண்டை? நடுவில் சிக்கியிருக்கும் மக்கள் என்ன கேட்கிறார்கள்? பார்ப்போம்.

பலுசிஸ்தான் எங்கே இருக்கு?

பாகிஸ்தானின் தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் ஈரான், இன்னொரு பக்கம் ஆப்கானிஸ்தான், கீழே அரபிக்கடல். பாகிஸ்தான் நிலப்பரப்பில் சுமார் 44 சதவீதம் இந்த ஒரு மாகாணம்தான். ஆனால் 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1.49 கோடி. மொத்த நாட்டில் 6 சதவீதம் மட்டுமே.

இதனால் என்ன ஆகுதுன்னா, பாகிஸ்தான் தேசிய சட்டமன்றத்தில் நேரடித் தேர்தல் நடக்கும் 266 தொகுதிகளில் பலுசிஸ்தானுக்குக் கிடைப்பது 16. பஞ்சாபுக்கு 141. பலுசிஸ்தான் எப்படி வாக்களித்தாலும் இஸ்லாமாபாத்தில் ஆட்சி மாறாது.

இங்கே பலூச்சி, பஷ்தோவுடன் பிராகுயி என்ற மொழியும் பேசப்படுகிறது. தமிழைப் போல அதுவும் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தச் சண்டையின் தொடக்கப்புள்ளியான கலாத் பகுதியில்தான் அந்த மொழி பேசுபவர்கள் அதிகம்.

சண்டை எப்போ ஆரம்பிச்சது?

பிரிட்டிஷ் காலத்தில் கலாத் ஒரு மன்னராட்சி. 1947 ஆகஸ்டில் கலாத் தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்தது. 1948 மார்ச் 27 அன்று அதன் ஆட்சியாளர் மீர் அகமது யார் கான், பாகிஸ்தானுடன் இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 'அது நெருக்கடியில் போட்ட கையெழுத்து' என்பது பலூச் தேசியவாதிகளின் வாதம். 'சட்டப்படியான இணைப்பு' என்பது பாகிஸ்தானின் பதில். கானின் தம்பி அப்துல் கரீம் அந்த ஆண்டே ஆயுதம் எடுத்தார்.

அடுத்து 1958, 1960கள், 1973 முதல் 1977 வரை என அடுத்தடுத்துக் கிளர்ச்சிகள். இதில் பெரியது 1973. மாகாணத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தாவுல்லா மெங்கல் அரசை சுல்ஃபிகர் அலி புட்டோ கலைத்ததும் வெடித்தது. அந்தச் சண்டையில் பாகிஸ்தானுக்கு ஹெலிகாப்டர் கொடுத்து உதவினார் ஈரான் மன்னர் ஷா.

இப்போது நடப்பது ஐந்தாவது கிளர்ச்சி. 2000களின் தொடக்கத்தில் இருந்து ஓயவே இல்லை.

2006-ல் என்ன நடந்தது?

நவாப் அக்பர் புக்தி. மாகாணத்தின் முன்னாள் ஆளுநர், முன்னாள் முதல்வர். பாகிஸ்தான் அமைப்புக்குள்ளேயே அரசியல் செய்தவர். எரிவாயு வருமானத்தில் பங்கு கேட்டு முஷாரஃப் அரசுடன் மோதி, வயதான காலத்தில் மலைக்குப் போனார். 2006 ஆகஸ்ட் 26 அன்று ராணுவ நடவடிக்கையில் இறந்தார்.

'பேசி வாங்கலாம்' என்று நினைத்த பல இளைஞர்களின் நம்பிக்கை அன்றோடு போனது. அதன் பிறகு போராட்டம் பழங்குடித் தலைவர்களின் கையைவிட்டு, படித்த நடுத்தர வர்க்க இளைஞர்கள் பக்கம் நகர்ந்தது.

பி.எல்.ஏ யார்?

2000ஆம் ஆண்டு வாக்கில் வெளியே தெரிய ஆரம்பித்த பிரிவினைவாத ஆயுதக் குழு. பாகிஸ்தான் 2006-ல் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இதை 'வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பு' பட்டியலில் சேர்த்தது. இதன் தற்கொலைப் படைக்கு 'மஜீத் படைப்பிரிவு' என்று பெயர்.

ராணுவ முகாம், துணை ராணுவமான ஃபிரான்டியர் கார்ப்ஸ், சீனர்கள் ஆகியோரே இலக்கு என்கிறது பி.எல்.ஏ. ஆனால் சாதாரண மக்களும் சாகிறார்கள். 2022 ஏப்ரலில் கராச்சி பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் நடத்திய தற்கொலைத் தாக்குதலில் 3 சீன ஆசிரியர்களும், அவர்களின் உள்ளூர் டிரைவரும் இறந்தனர். 2024 ஆகஸ்டில் முசாகேல் பகுதியில் பஸ், லாரிகளை மறித்து, அடையாள அட்டை பார்த்து, 23 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலானோர் பிழைப்புக்காகப் போன பஞ்சாபிகள். அதே ஆண்டு நவம்பரில் குவெட்டா ரயில் நிலையக் குண்டுவெடிப்பில் குறைந்தது 26 பேர் இறந்தனர்.

மண்ணுக்கு அடியில் என்ன இருக்கு?

கோபத்தின் வேர் இங்கேதான். 1952-ல் சுய் என்ற ஊரில் இயற்கை எரிவாயு கிடைத்தது. பாகிஸ்தானின் மற்ற நகரங்களில் அடுப்பு எரிந்தது. மாகாணத் தலைநகர் குவெட்டாவுக்கே குழாய் 1980களில்தான் வந்தது.

அடுத்து குவாதர் துறைமுகம். சீனா - பாகிஸ்தான் பொருளாதார வழித்தடத்தின் கடைசி முனை. துறைமுக வருமானத்தில் 91 சதவீதம் சீன நிறுவனத்துக்கு என 2017-ல் பாகிஸ்தான் செனட்டிலேயே சொல்லப்பட்டது. 2021-ல் குவாதர் மக்கள் வாரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். தனிநாடு கேட்டு இல்லை. குடிதண்ணீர் கொடுங்க, வெளி டிராலர் படகுகளைத் தடுங்க, தேவையில்லாத சோதனைச் சாவடியை எடுங்க... அவ்வளவுதான் கோரிக்கை.

ரெகோ டிக் தாமிர - தங்கச் சுரங்கத்தில் மாகாணத்துக்கு 25 சதவீதப் பங்கு எனப் புதிய ஒப்பந்தம் சொல்கிறது. பாதி, கனடாவின் பேரிக் நிறுவனத்துக்கு.

காணாமல் போனவர்கள் எங்கே?

துப்பாக்கி தூக்காத மக்களின் முதல் கேள்வி இதுதான். பாதுகாப்புப் படையினர் கூட்டிச் சென்ற மகன், கணவன், அப்பா திரும்பி வரவில்லை என்று குடும்பங்கள் பல ஆண்டுகளாகச் சொல்கின்றன. பலரை உடலாகத்தான் பார்த்தார்கள். 'காணாமல் போனதாகச் சொல்லப்படும் பலர் தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்தவர்கள்' என்கிறது ராணுவத் தரப்பு.

இந்தப் போராட்டத்தின் முகம் டாக்டர் மஹ்ராங் பலூச். 2009-ல் காணாமல் போன இவரது அப்பா, 2011-ல் உடலாகக் கிடைத்தார். 2023 இறுதியில் துர்பத் நகரில் இருந்து இஸ்லாமாபாத் வரை பெண்கள் நடத்திய பேரணிக்குத் தலைமை தாங்கினார். ஜாஃபர் எக்ஸ்பிரஸ் சம்பவம் முடிந்து பத்தே நாளில், 2025 மார்ச் 22 அன்று கைது செய்யப்பட்டார். இவரது இயக்கம் பி.எல்.ஏ-வின் முகமூடி என்கிறது ராணுவம். நாங்கள் அமைதி வழி என்கிறது இயக்கம்.

இந்தியா, ஈரானுக்கு என்ன தொடர்பு?

பலூச் குழுக்களை இந்தியா தூண்டுகிறது என்பது பாகிஸ்தானின் நீண்டநாள் குற்றச்சாட்டு. 2016-ல் கைது செய்யப்பட்ட குல்பூஷண் ஜாதவ் வழக்கும் இதில்தான் வருகிறது. இந்தியா இதைத் தொடர்ந்து மறுக்கிறது.

பலூச் மக்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஈரானிலும் வாழ்கிறார்கள். 2024 ஜனவரியில் ஈரானும் பாகிஸ்தானும் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று தாக்கியது. இரண்டு பேருமே 'தீவிரவாதிகளைத்தான் அடித்தோம்' என்றார்கள். இரண்டு பக்கமும் குழந்தைகள் இறந்தார்கள்.

இனி செய்தி வந்தால் எதைக் கவனிக்கணும்?

ஒன்று, எண்ணிக்கை. வெளிச் செய்தியாளர்கள் அங்கே எளிதாகப் போக முடியாது. 2025 ஆகஸ்டில் மாகாணம் முழுக்க மொபைல் இன்டர்நெட்டே நிறுத்தப்பட்டது. அதனால் 'இத்தனை பேர் பலி' என்று வந்தால், சொன்னது ராணுவமா, பி.எல்.ஏ-வா என்று பாருங்கள்.

இரண்டு, பெயர். 'பலூச்' என்பது ஒரு மக்கள். 'பி.எல்.ஏ' என்பது ஓர் ஆயுதக் குழு. பி.எல்.ஏ பஸ்ஸில் அடையாள அட்டை பார்த்துச் சுடும்போது, ஏழைத் தொழிலாளியும் பஞ்சாப் அரசும் ஒன்றாகிவிடுகிறார்கள். மகனின் போட்டோவோடு தெருவில் உட்காரும் அம்மாவைத் தீவிரவாதி பட்டியலில் சேர்க்கும்போது, அரசும் அதையேதான் செய்கிறது.

அந்த அம்மா கேட்பது ஒன்றுதான். என் பிள்ளை உயிரோட இருக்கானா, இல்லையா? தப்பு செஞ்சிருந்தா கோர்ட்டுக்குக் கொண்டு வாங்க. இந்தக் கேள்விக்குப் பதில் வராதவரை, எந்த ராணுவ நடவடிக்கை 'வெற்றிகரமாக முடிந்தாலும்' பலுசிஸ்தான் பிரச்னை முடியப்போவதில்லை.