கோழி தின்னி என்னும் பழி

இந்து மகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே கிடக்கும் மொரீஷியஸ் தீவில் 1598-ஆம் ஆண்டு டச்சு மாலுமிகள் கரையிறங்கியபோது, கருங்காலி மரங்கள் செறிந்த அதன் வனத்தில் பல்லிகளை வேட்டையாடித் திரிந்த சின்னஞ்சிறு வல்லூறு இனம் ஒன்று, மனித வாசனையே அறியாமல் வாழ்ந்து வந்தது. கெஸ்ட்ரல் என்னும் வகையைச் சேர்ந்ததாயினும், வெட்டவெளியில் சிறகடித்தபடியே அந்தரத்தில் நின்று இரை தேடும் தன் உறவினரைப் போலன்றி, குறுகி வட்டமான இறக்கைகளுடன் மரங்களினூடே புகுந்து புறப்படுவதே இதன் சுபாவம்.

கருங்காலிக்காகவும் பின்னர்க் கரும்புக்காகவும் வனம் அழிந்தது. கப்பல்களோடு வந்த குரங்கும் எலியும் முட்டைக்கும் குஞ்சுக்கும் எமனாயின. இத்தனைக்கும் மேலாக, பிரெஞ்சு மொழியில் ‘கோழி தின்னி’ என்று பெயரிட்டு, பண்ணைக்குப் பகைவன் என்று பழி சுமத்தி, இப்பறவையைச் சுட்டும் வீழ்த்தினார்கள். மலேரியாவை ஒழிக்கும் நன்னோக்கத்தோடு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெளிக்கப்பட்ட டி.டி.டி. மருந்தோ, எஞ்சியவற்றின் சந்ததியையும் நாசமாக்கிற்று. 1974-இல் வனத்தில் காணக் கிடைத்தவை நான்கே நான்கு. அவற்றுள் முட்டையிடும் பேடு ஒன்றே.

1979-இல் அங்கு வந்த வேல்ஸ் நாட்டினரான கார்ல் ஜோன்ஸ், முதலில் இட்ட முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிடும் என்னும் இயற்கையின் தாராளத்தையே உபாயமாகக் கொண்டு, எடுத்த முட்டைகளைக் கருவியில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஊட்டி வளர்த்து வனத்தில் விடும் பெருமுயற்சியைச் சகாக்களோடு நடத்தினார். பத்தாண்டுக் காலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பறவைகள் இவ்விதம் வனம் புகுந்தன.

மனிதர் வந்து நூறாண்டுக்குள் மறைந்த டோடோ பறவை மொரீஷியஸ் அரசு முத்திரையில் சித்திரமாக மட்டும் எஞ்சியிருக்க, ஒரு காலத்தில் கோழித் திருடன் என்று சுடப்பட்ட இவ்வல்லூறு 2022-இல் தேசியப் பறவை என்னும் கௌரவத்தை உயிரோடிருந்தே பெற்றது. ஆயினும், 1994-இல் அபாயம் குறைந்ததென்று கருதப்பட்ட இந்த இனம், 2014-இல் மீண்டும் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. பறவையை மீட்டவர்களுக்கு வனத்தை மீட்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.