முப்பத்தைந்தும் வெட்டுப்புள்ளியும்

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “கணக்கு எப்படி?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

எமது பாட்டிமார் காலத்தில் கேம்பிரிட்ஜ் சீனியரும் லண்டன் மெற்றிகுலேஷனும் பெரிய பரீட்சைகள். சித்தியின் எல்லைக்கோடு இங்கிலாந்தில் கீறப்பட்டது. பின்னர் க.பொ.த. பரீட்சை வந்தது, கோடு கீறும் பொறுப்பும் இலங்கைக்கு வந்தது. இன்று சாதாரண தரத்தில் 75 புள்ளி ஏ, 65 பி, 50 சி, 35 எஸ். அதற்குக் கீழே டபிள்யூ. உயர்தரம் செல்லப் பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். ஆகவே 34க்கும் 35க்கும் இடையிலுள்ள ஒரு புள்ளி, சித்திரமோ வரலாறோ படிக்க விரும்பும் பிள்ளையின் வழியையும் மறித்துவிடும்.

பல்கலைக்கழக வாசலில் கோடு நிலையாக நிற்பதில்லை. 1971 அனுமதியில் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி, 400க்குத் தமிழ்மொழி மூலத்தாருக்கு 250. சிங்களமொழி மூலத்தாருக்கு 229. பேராதனைப் பொறியியலுக்கு முறையே 250, 227. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. கொழும்புத் தமிழ் மாணவிக்கு மொழியும் பாதகம், மாவட்டமும் பாதகம். அதே மாவட்ட முறை வசதி குறைந்த மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்தது என்பதையும் மறக்கலாகாது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் மொழிவாரி முறை கைவிடப்பட்டது. மாவட்ட முறை நிலைத்தது: இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

எங்கள் தலைமுறையில், 2001 அளவில், இசட் புள்ளி வந்தது. மாணவியின் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். சராசரி 40, நியம விலகல் 10 உள்ள இணைந்த கணிதத்தில் 60 எடுத்தால் இசட் 2. சராசரி 55, நியம விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் இசட் 1 மட்டுமே. கடினமான பாடம் எடுத்தவருக்கு இது நியாயம். ஆனால் யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரை ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அது தவறெனக் கண்டு, இரு தொகுதிகளாக மீளக் கணிக்குமாறு பணித்தது.

கிளினிக்கில் குழந்தையின் நிறையைக் குறிக்கும் வளர்ச்சி வரைபடத்திலும் இதே இசட் கணக்குத்தான். குழந்தை மைனஸ் 2 கோட்டுக்குக் கீழே வந்தால், “தவறிவிட்டது” என்று நாங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அடுத்த மாதமே வரச் சொல்லுவோம். என்ன உண்கிறது என்று தாயிடம் விசாரிப்போம். எங்களுக்கு அந்தக் கோடு கவனிப்பைத் தொடங்கும் இடம்.

பரீட்சைக் கோட்டை எங்களால் மாற்ற முடியாது. அதன் அருகில் நிற்கும் பிள்ளைகளை எங்களால் இனங்காண முடியும். பத்தாம் வகுப்பிலேயே கணிதத்தில் 25க்கும் 40க்கும் இடையில் தடுமாறும் மாணவிகளுக்குச் சனிக்கிழமைகளில் இலவச வகுப்பு நடத்தச் சங்கம் முன்வர வேண்டும். எம்மிடையே பொறியியலாளரும் கணக்காளரும் ஆசிரியைகளும் நிறைய இருக்கிறார்கள். நூற்றாண்டு விழாவின் நினைவாக இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை.