ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால்: பெரியவர்களுக்கான பொழுதுபோக்கு லீக் விதிகள்

சாஃப்ட்பால் விளையாட்டில், பந்தைத் தோளுக்குக் கீழிருந்து மெதுவாக, வில்லாக வளைந்து இறங்கும்படி வீசி ஆடும் வகை ஸ்லோ பிட்ச் எனப்படும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலைக்குச் செல்லும் பெரியவர்கள் மாலை நேரங்களில் கூடி ஆடும் விளையாட்டுகளில் இது மிகப் பரவலான ஒன்று. நகராட்சிகளின் பூங்காத் துறைகள், தேவாலயங்கள், நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள் எனப் பலரும் இதற்கு லீக் நடத்துகின்றனர். ஒலிம்பிக்கில் 1996 முதல் 2008 வரையிலும், பிறகு டோக்கியோவிலும் பெண்கள் ஆடியது பந்தை வேகமாக வீசும் ஃபாஸ்ட் பிட்ச் வகை. ஸ்லோ பிட்ச் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதில்லை. இலங்கையில் டென்னிஸ் பந்து கொண்டு ஆடப்படும் சாஃப்ட்பால் கிரிக்கெட் முற்றிலும் வேறு விளையாட்டு.

சாஃப்ட்பால் 1887ஆம் ஆண்டு நன்றி நவிலும் நாளன்று சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்தில் பிறந்தது. யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் ஆட்ட முடிவுக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைக் குச்சியால் அடித்தார். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் அக்கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, கூடத்துக்குள் ஆடும் பேஸ்பாலாக இதை வகுத்தார். 1895இல் மினியாபொலிஸ் நகரத் தீயணைப்பு வீரர் லூயிஸ் ரோபர், பணி அழைப்புக்காகக் காத்திருக்கும் சக வீரர்களின் உடற்பயிற்சிக்கென இதே போன்ற ஆட்டமொன்றை வெளியில் ஆடச் செய்தார். சாஃப்ட்பால் என்ற பெயரை 1926இல் முன்மொழிந்தவர் வால்டர் ஹாக்கன்சன். 1933ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி நடந்த போட்டியைத் தொடர்ந்து அமெச்சூர் சாஃப்ட்பால் அசோசியேஷன் உருவாயிற்று. அதுவே இன்றைய யூஎஸ்ஏ சாஃப்ட்பால்.

லீக்குகள் பெரும்பாலும் இந்த அமைப்பின் விதிநூலையோ, யூஎஸ்எஸ்எஸ்ஏ என்ற அமைப்பின் விதிநூலையோ அடிப்படையாகக் கொண்டு, அதன் மேல் தமக்கான உள்ளூர் விதிகளைச் சேர்த்துக்கொள்கின்றன. விதிநூலும் உள்ளூர் விதியும் முரண்பட்டால் உள்ளூர் விதியே செல்லும். மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் காயமின்றி ஆட வேண்டும், வந்த அனைவருக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும், ஆட்டம் ஒரு மணி நேர அளவில் முடிய வேண்டும் என்ற மூன்று தேவைகளிலிருந்தே உள்ளூர் விதிகளில் பெரும்பாலானவை பிறந்திருக்கின்றன.

களமும் கருவிகளும்

களத்தில் ஓர் அணிக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். பேஸ்பாலைவிட ஒருவர் கூடுதல். அந்தப் பத்தாமவர் பெரும்பாலும் நான்காவது வெளிக்களத் தடுப்பாளராக நிற்கிறார். ஓட்டக்காரர் தொட்டுச் செல்ல வேண்டிய பேஸ்களுக்கு இடையிலான தூரம் 65 அல்லது 70 அடி (ஏறத்தாழ 20 அல்லது 21 மீட்டர்). பேஸ்பாலில் இது 90 அடி. பந்து வீசும் பிட்சருக்கும், அடிக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 50 அடி. ஆண்கள் ஆட்டத்துக்கான பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பெண்களுக்கு 11 அங்குலம். சிகாகோவில் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தைக் கையுறை இல்லாமல் பிடித்து ஆடும் மரபு இன்றும் உயிரோடிருக்கிறது.

மட்டையின் நீளம் 34 அங்குலத்துக்கும் எடை 38 அவுன்சுக்கும் (ஏறத்தாழ 1,077 கிராம்) மிகக் கூடாது. இந்த அளவுகளைக் காட்டிலும் முக்கியமானது மட்டையின் மேல் பொறிக்கப்பட்டுள்ள ஒப்புதல் முத்திரை. அலுமினியமும் கூட்டுப்பொருளும் மரத்தின் இடத்தைப் பிடித்தபின், பந்து மட்டையிலிருந்து கிளம்பும் வேகம் அஞ்சத்தக்க அளவுக்கு உயர்ந்தது. வீசி முடித்த பிட்சர் மட்டையிலிருந்து ஐம்பது அடிக்கும் குறைவான தூரத்தில் நிற்கிறார். நேராக வரும் பந்தைத் தடுக்கக் கையை உயர்த்தவும் அவருக்கு நேரம் போதாது. ஆகவேதான் பந்தின் வேகம் மணிக்கு 98 மைலுக்குள் (சுமார் 158 கிலோமீட்டர்) அடங்கும்படியான சோதனை அளவுகோலை அமெச்சூர் சாஃப்ட்பால் அசோசியேஷன் வகுத்தது. கூட்டுப்பொருள் மட்டையின் உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்குவதும், உருளைகளுக்கிடையே அழுத்தி இளக வைப்பதும் பந்தின் வேகத்தை வரம்பு மீறச் செய்யும். திருத்திய மட்டையோடு பிடிபடுபவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவதுடன் நீண்ட காலத் தடையும் பெறுகிறார். உயிர் சம்பந்தப்பட்ட விதி என்பதால், இந்தக் கடுமை முற்றிலும் நியாயமானது. பிட்சர்கள் முகக்கவசம் அணிவதும் பரவலாகியுள்ளது. பல லீக்குகளில் உலோக ஆணி பதித்த காலணிகளுக்கு அனுமதி இல்லை.

வீச்சு

பிட்சர் வீசுமுன் பேட்டரைப் பார்த்தபடி சற்று நேரம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு கையைக் கீழிருந்து கொண்டுவந்து பந்தை விடுகிறார். யூஎஸ்ஏ சாஃப்ட்பால் விதிப்படி பந்தின் வளைவு தரையிலிருந்து குறைந்தது 6 அடி உயர வேண்டும், 10 அடியைத் தாண்டக் கூடாது. யூஎஸ்எஸ்எஸ்ஏ விதியில் கீழ் எல்லை 3 அடி. ஆட்டத்தின் குணத்தையே இந்த வேறுபாடு மாற்றிவிடுகிறது. மூன்றடி உயரத்தில் வரும் வீச்சு தட்டையாகவும் சற்று விரைவாகவும் வந்து சேரும். ஆறடிக்கு மேல் எழும் வீச்சு செங்குத்தாக இறங்குவதால் அதைச் சரியான கணத்தில் அடிக்கப் பொறுமை வேண்டும்.

வளைவு தவறினால் நடுவர் அதை விதிமீறிய வீச்சாக அறிவிப்பார். பேட்டர் மட்டையைச் சுழற்றாமல் விட்டால் அது 'பால்' எனக் கணக்கிடப்படும்; சுழற்றினால் வீச்சில் இருந்த பிழை மறைந்து, ஆட்டம் அப்படியே தொடரும். பேட்டரின் தோளுக்கும் முழங்காலுக்கும் இடையே, ஹோம் பிளேட்டுக்கு மேலாகப் போகும் வீச்சு ஸ்ட்ரைக். செங்குத்தாக இறங்கும் பந்து எந்த இடத்தில் இந்த எல்லையைக் கடந்தது என்று கண்ணால் அளப்பது கடினம். அதனால் பல லீக்குகள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு விரிப்பைப் போட்டு, பந்து அதில் விழுந்தால் ஸ்ட்ரைக் என்று வைத்துள்ளன. நடுவருடன் நடக்கும் வாக்குவாதத்தை இதைப் போலக் குறைத்த உள்ளூர் விதி வேறில்லை.

அடித்தலும் ஓடுதலும்

மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட். நான்கு பால் வந்தால் முதல் பேஸ் அவருக்கு இலவசம். நேரத்தை மிச்சப்படுத்தப் பல லீக்குகள் ஒவ்வொரு பேட்டரையும் ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற கணக்கிலேயே தொடங்கவைக்கின்றன. இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் அடித்த பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் ஃபவுலானால், பேஸ்பாலைப் போல ஆட்டம் நீளாது, பேட்டர் அவுட். ஒரேயொரு ஃபவுலை மன்னிக்கும் லீக்குகளும் உண்டு. பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட்டு ஓடும் பன்ட் இங்கே தடை.

ஓட்டக்காரர் பேஸைவிட்டு முன்கூட்டியே நகரக் கூடாது. பொழுதுபோக்கு லீக்குகளில் பந்து அடிபடும் வரை கால் பேஸில் இருக்க வேண்டும். முன்னதாகப் புறப்பட்டால் அவுட். பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடும் பேஸ் திருட்டுக்கும் பெரும்பாலும் இடமில்லை.

முதல் பேஸில் வெள்ளையும் ஆரஞ்சுமாக இரட்டை பேஸ் வைப்பது வழக்கம். அவுட்டாக்க முயலும் தடுப்பாளர் வெள்ளையையும், ஓடிவருபவர் ஃபவுல் பகுதியில் உள்ள ஆரஞ்சையும் மிதிப்பார்கள். இருவர் கால்களும் ஒரே இடத்தில் மோதுவது இதனால் தவிர்க்கப்படுகிறது. பந்தைக் கையில் வைத்துக் காத்திருக்கும் தடுப்பாளர் மீது ஓட்டக்காரர் மோதினால் அவுட்; மோதல் வேண்டுமென்றே நிகழ்ந்ததாக நடுவர் கருதினால் வெளியேற்றமும் உண்டு. முதியோர் லீக்குகளில் ஹோம் பிளேட்டுக்கு முன் ஒரு கோடு போடப்படுகிறது. அதைத் தாண்டியவர் திரும்பி ஓட முடியாது. அவர் வேறொரு கோட்டைக் கடந்து ஓட்டம் எடுக்கிறார், பிளேட்டுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர், பந்தோடு பிளேட்டை மட்டும் மிதித்து அவரை அவுட்டாக்கலாம்.

வேலிக்கு மேலே பறக்கும் ஹோம் ரன்னுக்கு ஓர் ஆட்டத்துக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டி அடித்தவர் அவுட். வலிமை மிக்க சிலருடைய ஆட்டமாக மாறிவிடாமல், களத்தில் நிற்பவர்களுக்கும் பந்து வந்து சேர இது வழி செய்கிறது.

ஆண் பெண் கலந்த ஆட்டம்

கலப்பு அணியில் ஐந்து ஆண்களும் ஐந்து பெண்களும் இருப்பர். வெளிக்களத்தில் இரண்டு இரண்டு பேர், உட்களத்தில் இரண்டு இரண்டு பேர், பிட்சரும் கேட்சரும் ஆளுக்கொரு பாலினம் என்று யூஎஸ்ஏ சாஃப்ட்பால் விதி பிரித்துவைக்கிறது. பேட்டிங் வரிசையில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வருவார்கள். ஆண்கள் அடிக்க 12 அங்குலப் பந்து, பெண்கள் அடிக்க 11 அங்குலப் பந்து.

இவ்வகை ஆட்டத்தின் தனிச்சிறப்பான விதி, இலவச பேஸ் பற்றியது. ஓர் ஆணுக்கு நான்கு பால் வீசப்பட்டால் அவருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு பேஸ் கிடைக்கும். அப்போது ஏற்கனவே இருவர் அவுட்டாகியிருந்தால், அடுத்து வரும் பெண் தாமே அடிக்கலாம், அல்லது அவரும் இலவசமாக முதல் பேஸுக்குச் செல்லலாம். நன்றாக அடிக்கும் ஆணை வேண்டுமென்றே இலவசமாக அனுப்பிவிட்டு, அடுத்து வரும் பெண்ணை எளிதில் வீழ்த்தலாம் என்று எதிரணி கணக்குப் போடுவதை இந்த விதி முறிக்கிறது. பெண்ணுக்குச் சலுகை தருவதாக இதைக் கருதுவது சரியல்ல. அவரைக் கருவியாக்கும் உத்திக்கு விலை வைக்கிறது என்பதே பொருத்தம்.

நேரமும் முடிவும்

முழு ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். ஒரே திடலில் ஒரே மாலையில் பல ஆட்டங்கள் அடுத்தடுத்து நடப்பதால், குறித்த நேரத்துக்குப் பின் புதிய இன்னிங்ஸ் தொடங்குவதில்லை. ஓட்ட வித்தியாசம் மிகப் பெரிதானால் ஆட்டம் இடையிலேயே முடிக்கப்படும். நான்கு இன்னிங்ஸுக்குப் பின் 15 ஓட்டம், ஐந்துக்குப் பின் 10 ஓட்டம் என்பது பரவலான அளவு. ஓர் இன்னிங்ஸில் எடுக்கக்கூடிய ஓட்டங்களுக்கு வரம்பு வைப்பதும் உண்டு. சமநிலையில் முடிந்தால் கூடுதல் இன்னிங்ஸை இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரை நிறுத்தித் தொடங்கும் முறை பல இடங்களில் உள்ளது.

பத்துப் பேர் வராவிட்டாலும் எட்டு அல்லது ஒன்பது பேருடன் ஆட்டத்தைத் தொடங்கப் பெரும்பாலான லீக்குகள் இசைகின்றன. அதற்கும் குறைந்தால் எதிரணிக்கு வெற்றி வழங்கப்படும். வந்த அனைவரையும் பேட்டிங் வரிசையில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் சாதாரணம். பதிவுப் பட்டியலில் பெயர் இல்லாதவரை ஆடவைத்தால் ஆட்டம் பறிபோகும்.

நடுவரின் கண்ணுக்குப்பட்ட ஒரு நிகழ்வை, அதாவது ஸ்ட்ரைக்கா, அவுட்டா, ஃபவுலா என்பதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. விதியை அவர் தவறாகப் பொருள்கொண்டார் என்றால் மட்டுமே அணித்தலைவர் முறையிடலாம். அதையும் அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன் நடுவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.