மிக்-25: ஒரு றெக்கையை வெச்சுப் போட்ட தப்புக்கணக்கு

ரஃபேலா, சுகோய்-30-ஆ, எது பெருசுன்னு நிறைய பேர் கேட்கறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை சொல்லிடறேன்.

1967 ஜூலையில், மாஸ்கோ பக்கத்தில் டொமோடெடோவோ விமானக் கண்காட்சி. அங்கேதான் சோவியத் யூனியன் மிக்-25ஐ வெளியே காட்டியது. அமெரிக்க நிபுணர்கள் பார்த்தது பெரிய றெக்கை, ரெண்டு ராட்சத எஞ்சின். பெரிய றெக்கைன்னா சட்டுன்னு திரும்பும், பெரிய எஞ்சின்னா வேகம். ரெண்டும் ஒண்ணா இருந்தா நம்மகிட்ட இருக்கிற எதுவும் அது முன்னாடி நிக்காதுன்னு முடிவு கட்டிட்டாங்க. எஃப்-15 உருவானதுக்குப் பின்னாடி இந்தப் பயத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அது 1972-ல் முதன்முதலாகப் பறந்தது.

1976 செப்டம்பர் 6. விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி, தன் மிக்-25ஐ ஜப்பானுக்கு ஓட்டிட்டு வந்து ஹகோடாட்டே விமான நிலையத்தில் இறக்கினார். ஓடுபாதை பத்தாம விமானம் தாண்டி ஓடி நின்னது. ஜப்பானும் அமெரிக்காவும் அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு, பெட்டி பெட்டியா அடைச்சு சோவியத்துக்கே திருப்பி அனுப்பினாங்க.

பிரிச்சா உள்ளே பெரும்பகுதி எஃகு! மாக் 2.8 வேகத்தில் உரசும் காற்றின் சூட்டை அலுமினியம் தாங்காது. டைட்டானியம் தாங்கும், ஆனா விலையும் அதிகம், வெல்டிங் பண்றதும் கஷ்டம். அதனால நிக்கல் கலந்த எஃகு. எஃகுன்னா எடை. அந்த எடையைத் தூக்கத்தான் அவ்வளவு பெரிய றெக்கை, வளைஞ்சு திரும்பறதுக்கு இல்லை! ரேடாரில் டிரான்சிஸ்டருக்குப் பதிலா வெற்றிடக் குழாய்கள்.

உடனே எல்லாரும் சிரிச்சாங்க, "பழைய டப்பா"ன்னு. எனக்கு இந்தச் சிரிப்பும் முதல்ல வந்த பயம் மாதிரியே தப்புன்னு தோணுது. அந்த ரேடாரோட சக்தி சுமார் 600 கிலோவாட். எதிரி எவ்வளவு ஜாம் பண்ணாலும் அதை மீறிப் பார்க்கணும்ங்கிறதுதான் நோக்கம். மிக்-25-க்குக் கொடுத்த வேலையே வேற: ரொம்ப உயரத்தில் வேகமா வர்ற குண்டுவீச்சு விமானத்தை நேர்கோட்டில் விரட்டிப்போய் ஏவுகணையால் அடிக்கணும். குட்டிக்கரணம் போடறது அதோட வேலையே இல்லை. சாஃப்ட்வேர்ல நாங்க டேட்டாபேஸ்களை ஒப்பிடும்போதும் இந்தத் தப்பைத்தான் பண்றோம். என்ன வேலைக்குன்னு கேக்காம பெஞ்ச்மார்க் நம்பரை மட்டும் பார்த்துடுவோம்.

எஃப்-15 இன்னொரு பக்கம் 100-க்கும் மேற்பட்ட வான்சண்டை வெற்றிகளை எடுத்துச்சு. இல்லாத ஒரு எதிரியை மனசுல வெச்சுக் கட்டின விமானம் அது.

மிக்-25 கதையும் 1976-ல் முடியலை. 1991 ஜனவரி 17, வளைகுடாப் போரின் முதல் ராத்திரி. அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18 ஒண்ணு விழுந்தது. அதை வீழ்த்தியது ஈராக்கின் ஒரு மிக்-25.