இடம்பெயர்ந்த நிரல்கள்: பழைய ஜாவா செயலிகள் மேகத்திற்குச் சென்ற வரலாறு

சாவகம் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறவி எடுத்து ஆண்ட நாடு சாவகம். அது இன்றைய ஜாவாத் தீவா, சுமத்ராவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜாவாத் தீவில் விளைந்த காப்பிக்குத் தீவின் பெயரே வழங்கிற்று. அமெரிக்கரின் பேச்சு வழக்கில் அது காப்பிக்கே பொதுப்பெயராயிற்று. காப்பிக் கோப்பையிலிருந்து ஒரு கணினி நிரல்மொழிக்குத் தாவியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவர்தம் குழுவினரும் 1991இல் தொடங்கிய முயற்சியில் உருவான அம்மொழிக்கு முதலில் இட்ட பெயர் 'ஓக்'. அப்பெயரை வேறொரு நிறுவனம் முன்னரே வணிகக்குறியாகக் கொண்டிருந்தமையால் அது 'ஜாவா' ஆயிற்று. 1995 மே மாதத்தில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இதனைக் கொண்டு மணிமேகலைக்கும் கணினிக்கும் உறவு கற்பிக்கும் கட்டுரை எங்கேனும் வெளிவந்தால் மாணவர்கள் அதனை நம்ப வேண்டா.

இவ்வுரையின் பொருள், அம்மொழியில் எழுதப்பட்ட பழைய நிறுவனச் செயலிகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தம் சொந்தக் கணினி அறைகளை விட்டு மேகக் கணிமைக்குக் குடிபெயர்ந்த வரலாறு. மொழியியலாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அக்குடிபெயர்வில் நிரலாக எழுதப்பட்டவை பெரும்பாலும் பழுதின்றிச் சென்றன. எழுதப்படாமல், பழைய இடத்தின் வழக்காக இருந்தவையே தொலைந்தன. அவ்வாறு தொலைந்தவற்றுள் மனிதரின் பெயர்களும் பிறந்தநாள்களும் இருந்தன. ஆகவே இது நம் துறைக்கும் உரியதே.

நிறுவனச் செயலி என்பது சம்பளப் பட்டியல், நூலக இரவல், மாணவர் சேர்க்கை, காப்புறுதிக் கணக்கு போன்றவற்றை நடத்தும் பெரிய மென்பொருள். 'ஒருமுறை எழுது, எங்கும் இயக்கு' என்பதே ஜாவா அளித்த வாக்குறுதி. நிரல் எந்தக் கணினியின் மொழியிலும் நேராகப் பேசாது. இடையே ஒரு மெய்நிகர் இயந்திரம் அமர்ந்து மொழிபெயர்க்கும். 1999 டிசம்பரில் நிறுவனங்களுக்கென்றே ஜாவாவின் தனிப்பதிப்பு வந்தது. வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் போன்ற செயலி வழங்கிகள் அதனைத் தாங்கின. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் அவற்றின்மேல் தம் அன்றாட வேலைகளைக் கட்டின. கட்டியவர் பலர் பணி ஓய்வு பெற்றனர், கட்டியவை ஓயவில்லை.

இனி ஒரு சொற்சிக்கல். மேகத்தில் வாடகைக்குக் கிடைப்பதற்கும் 'மெய்நிகர் இயந்திரம்' என்பதே பெயர். ஜாவாவின் மெய்நிகர் இயந்திரம் ஒரு மொழிபெயர்ப்பாளர். மேகத்தின் மெய்நிகர் இயந்திரமோ ஒரு முழுக் கணினியின் பாவனை. இதன் வரலாறு ஜாவாவினும் பழமையானது. ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே ஒரு பெருங்கணினியைப் பல கணினிகளாகத் தோற்றுவிக்கும் இயங்குதளத்தை விற்பனைக்கு அறிவித்தது. விஎம்வேர் 1999இல் அந்நுட்பத்தை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அமேசான் 2006 ஆகஸ்டில் இத்தகைய இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கி, 2010 ஏப்ரலில் சிங்கப்பூரிலும் தன் நிலையத்தைத் திறந்தது. சிங்கப்பூர் அரசாங்கம், மறைகாப்பு மிகத் தேவைப்படாத தன் அமைப்புகளை ஐந்தாண்டுகளில் வணிக மேகத்திற்கு மாற்றும் திட்டத்தை 2018இல் அறிவித்தது. ஒரு பழைய ஜாவா செயலி மேகத்திற்குச் சென்றால், பாவனைக் கணினிக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளரும் அவர் வழியாகப் பேசும் நிரலும் என்று வீட்டுக்குள் வீடாக அமைகிறது.

புதிதாக எழுதாமல் பழையதையே ஏன் தூக்கிச் சென்றனர்? ஜாவாவும் நகர்ந்துகொண்டே இருந்தது என்பதே விடை. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குச் சென்றது. 2018இல் வந்த 11ஆம் பதிப்பு, பழைய செயலிகள் நம்பியிருந்த சில பகுதிகளை நீக்கியது. நிறுவனப் பதிப்பை ஆரக்கிள் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு ஒப்படைத்தது. ஆயினும் 'ஜாவா' என்னும் பெயரின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எனவே புதிய பெயர் 'ஜகார்த்தா' ஆயிற்று. தீவின் பெயர் போய் அத்தீவிலுள்ள நகரின் பெயர் வந்தது. பெயர் மாற்றம் அட்டையோடு நிற்கவில்லை. 2020 டிசம்பர்ப் பதிப்பில், நிரல்களுக்குள் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்களும் 'ஜகார்த்தா' என்று மாறின. ஒரு வணிகக்குறிக்காக உலகெங்கும் எத்தனை வரிகள் திருத்தப்பட்டன! திருத்த அஞ்சியவர்கள் 2014இல் வந்த 8ஆம் பதிப்பிலேயே தங்கி, செயலியை இருந்தபடியே தூக்கி மேகத்து இயந்திரத்தில் வைத்தனர். இஃது எளிதெனத் தோன்றிற்று.

எளிதாகவும் இருந்தது, முதல் சில நாள்கள். பழைய கணினி அறையில் ஒரே செயலியின் பல படிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளப் பொதுவாகக் கூவி அழைக்கும் முறை ஒன்று இருந்தது. மேகத்து வலையமைப்புகள் பல அக்கூவலைக் கொண்டுசெல்வதில்லை. விளைவாக ஒவ்வொரு படியும் தான் தனியே இருப்பதாக எண்ணிக்கொண்டது. இரகசியக் குறியாக்கத்திற்கு வேண்டிய தற்செயல் எண்களை இயங்குதளம் விசைப்பலகை, வட்டு முதலியவற்றின் ஒழுங்கற்ற அசைவுகளிலிருந்து திரட்டும்; பாவனைக் கணினியில் அத்தகைய அசைவு குறைவு. ஆகவே சில செயலிகள் துவங்கும்போதே பல நிமிடங்கள் காத்து நின்றன. இவை பொறியாளர் கண்டு தீர்த்த குறைகள். இவற்றைப் பற்றி மேலும் பேச வேண்டுவதில்லை.

காலத்தைப் பற்றிய குறை நுண்ணியது. மேகத்து இயந்திரங்களின் கடிகாரம் இயல்பாக உலகப் பொது நேரத்தைக் காட்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் அதற்கு 8 மணி முந்தியவை. 'இன்று என்ன தேதி' என்று இயந்திரத்தைக் கேட்டுப் பழகிய செயலி, நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை நேற்றைய தேதியையே எழுதும். இதனையும் விரைவில் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க நாளாகும் ஒன்று உண்டு. 1982 ஜனவரி 1 வரை சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் ஏழரை மணி நேரமே முந்தியிருந்தன. சபா, சரவாக் ஆகியவற்றோடு தீபகற்பம் ஒன்றுபடும்பொருட்டு மலேசியா அரைமணி முன்னே நகர்ந்தது. சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது. பழைய இயந்திரத்தில் 'எட்டு மணி கூட்டு' என்று மட்டும் யாரோ அமைத்திருப்பார். 1962 மார்ச் 15இல் பிறந்தவரின் பிறந்தநாள் அன்றைய நள்ளிரவாகவும், பொது நேரப்படி மார்ச் 14 மாலை 4 மணியாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். புதிய இயந்திரத்திலோ நேர வலயம் 'சிங்கப்பூர்' என்று முறையாகவே அமைக்கப்படுகிறது. 1962இல் சிங்கப்பூர் ஏழரை மணியே முந்தியது என்பது அவ்வலயத்தின் வரலாற்று அட்டவணைக்குத் தெரியும். எனவே அது மார்ச் 14, இரவு 11.30 என்று கணக்கிட்டு, பிறந்தநாள் மார்ச் 14 என்று அச்சிடும். புதிய அமைப்பு தவறன்று, பழையதைவிடச் சரியானது. அச்சரியே பிழையை உண்டாக்குகிறது. 1982க்குப் பின் பிறந்தோர்க்கு இத்தொல்லை இல்லை. நம் தலைமுறையினர் மட்டும் ஒருநாள் முன்னதாகவே பிறந்துவிடுகிறோம்.

எழுத்தின் கதை இதனினும் நீண்டது. ஜாவா பிறந்தபோதே ஒருங்குறியைத் தன் உள்ளெழுத்தாகக் கொண்டது. 1991இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. எனவே ஜாவாவுக்குள் தமிழ் தொடக்கம் முதலே குடியுரிமை பெற்ற மொழி. மாறிகளுக்குத் தமிழில் பெயரிடவும் இயலும். சிக்கல் வாயிலில் இருந்தது. வெளியிலிருந்து பைட்டுகளாக வருவதை எழுத்தாக வாசிக்கவும், எழுத்தை மீண்டும் பைட்டுகளாக வெளியே அனுப்பவும் எந்தக் குறியேற்றத்தைக் கைக்கொள்வது? நிரலாளர் சொல்லாவிட்டால், இயந்திரத்தின் வழக்கையே ஜாவா பின்பற்றும். பெரும்பாலோர் சொல்லவில்லை.

அக்காலத் தமிழ்க் கணிமையின் நிலையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழ்நெட் 97 கருத்தரங்கின் பெருங்கவலையே குறியேற்றங்கள் பலவாகச் சிதறிக் கிடந்தமைதான். 1999இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்னும் தகுதரங்கள் வந்தன. இணையத்தில் இயங்கியோர் திஸ்கியை வகுத்தனர். இவை யாவும் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்துவடிவம் என்னும் முறையின. மேலைநாட்டு லத்தீன் எழுத்துகளுக்குரிய இருக்கைகளில் தமிழ் வடிவங்கள் அமர்ந்துகொண்டன. ஜாவா அவற்றை லத்தீன் என்றே எண்ணி வாசித்தது. லத்தீன் என்றே எண்ணித் திரும்ப எழுதியது. லத்தீன்-1 குறியேற்றத்தில் 256 பைட்டுகளும் போனபடியே மீளும். இரு பிழைகள் ஒன்றையொன்று நேர்செய்ய, திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. அச்செயலிக்குத் தான் தமிழைக் கையாள்வது தெரியவே தெரியாது.

ஓலைச்சுவடி பயின்றோர்க்கு இந்நிலை அந்நியமன்று. ஓலை கிழியுமென்று ஏடெழுதுவோர் மெய்க்குப் புள்ளி இடாது விட்டனர். ரகரமும் காலும் ஒரே வடிவம். எகர ஏகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. படிப்பவருக்கு வழக்குத் தெரியுமாதலால் பொருள் கெடவில்லை. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, ஏட்டில் எழுதப்படாத ஒவ்வொரு புள்ளியையும் எங்கே இடுவது என்று தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. செயலிகளை மேகத்திற்கு ஏற்றியவர்கள் பலர் அப்படி முடிவு செய்ய வேண்டியவை உண்டென்பதையே அறியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு நம்மை அழைத்தது, பெயர் வேண்டா. அதன் கலைச்சொல் பட்டியலை நடத்திய ஜாவா செயலி மேகத்திற்கு மாறிய பின், தமிழ்ச் சொற்கள் கேள்விக்குறிகளாக நின்றன. எழுத்துரு நிறுவப்படவில்லை என்று அங்கிருந்தோர் கருதினர். எழுத்துரு இல்லையெனில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். கேள்விக்குறி தோன்றினால் எழுத்தே போய்விட்டது என்று பொருள். நாம் கேட்டது ஒன்றே: 'தமிழ்' என்னும் சொல் நிற்க வேண்டிய இடத்தில் எத்தனை கேள்விக்குறிகள் உள்ளன?

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. ஒருங்குறியில் 'தமிழ்' என்பது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஐந்து கேள்விக்குறிகள் இருந்தால் ஜாவா உள்ளே சரியாக வாசித்து, வெளியே அனுப்புகையில் இழந்தது என்று கொள்ளலாம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. எனவே பதினைந்து இருந்தால் உள்ளே வரும்போதே இழப்பு. திஸ்கியில் ழகர மெய் தனி வடிவமாதலால் நான்கே பைட்டுகள். இருந்தவை நான்கு. பட்டியல் திஸ்கியில் இருந்தது. அதனை அங்கு எவரும் அறிந்திருக்கவில்லை. புதிய இயந்திரத்தில் மொழிச்சூழல் எதுவும் அமைக்கப்படாமையால் ஜாவா ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ள ஆஸ்கியை வழக்காகக் கொண்டது. தமிழ்ப் பைட்டு ஒவ்வொன்றும் அதற்குப் பொருளற்றதாயிற்று.

செயலியைத் துவக்கும் கட்டளையில் லத்தீன்-1 என்று ஒரு சொல் சேர்த்ததும், தொடப்படாத பதிவுகள் அனைத்தும் உயிர்பெற்றன. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் ஊழியர்கள் ஆங்கில விளக்கங்களைத் திருத்திச் சேமித்திருந்த பதிவுகளில், கேள்விக்குறியே தமிழாகப் பதிந்துவிட்டது. அடிக்கடி திருத்தப்படுபவை அடிக்கடி பயன்படும் சொற்களே. ஆகையால் எவரும் தேடாத சொற்கள் தப்பின, நாள்தோறும் தேடப்பட்டவை அழிந்தன. ஜாவாவின் 18ஆம் பதிப்பு 2022 மார்ச்சில் யுடிஎஃப்-8ஐயே எங்கும் இயல்பான குறியேற்றமாக்கியது. இனி எழுதப்படும் செயலிகளுக்கு அது நன்மை. பழைய திஸ்கிக் கோப்பை அப்பதிப்பில், குறியேற்றம் இன்னதென்று சொல்லாமல் திறந்தால், கேள்விக்குறிகள் வேறு உருவில் திரும்பும்.

பழைய வழங்கி அதற்குள் அகற்றப்பட்டிருந்தது. ஓர் ஆசிரியையின் அலமாரியில் அப்பட்டியலின் பழைய அச்சுப்படி ஒன்று கிடைத்தது. மாணவர் சிலர் இரு வார இறுதிகளில் அதனைப் பார்த்துத் தட்டச்சு செய்தனர், இம்முறை ஒருங்குறியில். அச்சுக்குப் பின் சேர்க்கப்பட்ட சொற்கள் அப்படியில் இல்லை. பட்டியலில் அவற்றின் ஆங்கிலப் பகுதி மட்டும் இன்றும் உள்ளது. எதிரே உள்ள கட்டத்தைக் கேள்விக்குறிகளுடன் விடுவதா, வெறுமையாக்குவதா என்று அவ்வமைப்பினர் கேட்டனர். வெறுமையாக்குமாறு கூறினோம், நான்கு கேள்விக்குறிகள் எந்தச் சொல்லுக்கு நின்றவை என்று எவராலும் சொல்ல இயலாது.