துவர்ப்பும் துணையுணவும்

அறுசுவையுள் துவர்ப்பு தனித்து நின்று சிறப்பதில்லை. இனிப்பைக் குழந்தையும் நாடும். துவர்ப்புக்கோ பழக்கம் வேண்டும், துணையுணவும் வேண்டும். ஆயினும், உலகப் புகழ் எய்திய இரண்டு பானங்கள் இச்சுவையின் மீதே எழுந்துள்ளன. ஒன்று, ஸ்பெயின் நாட்டு ரியோகாப் பகுதியின் செந்நிறத் திராட்சை மது. மற்றொன்று, இலங்கை மலைநாட்டின் தேநீர். இவ்விரண்டின் புகழும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயிர்களுக்கு நேர்ந்த இரு கேடுகளிலிருந்து பிறந்தது என்பது வியப்புக்குரியது.

1860களில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களைப் பிலொக்சரா என்னும் நுண்பூச்சி வேரோடு அழிக்கத் தொடங்கியது. மதுவுக்குத் தட்டுப்பாடு நேரவே, போர்தோ நகர வணிகர் மலைகடந்து ரியோகாவை நாடினர். புகைவண்டிப் பாதை அமைந்திருந்த ஆரோ என்னும் ஊரில் மதுச்சாலைகள் பல எழுந்தன. தெம்பிரானில்லோ என்னும் திராட்சையின் சாறு ஓக்கு மரப் பீப்பாய்களில் நெடுநாள் உறங்கி, துவர்ப்புத் தணிந்து, வனிலாவையொத்த நறுமணமும் பெற்றது.

அக்காலத்திலேயே இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் புகுந்தது. 1869இல் கண்டறியப்பட்ட அந்நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலையே வீழ்த்தியது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். துரைமார் அவ்வழியே திரும்பினர். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலமும் தொடங்கிற்று. கோப்பி பருவத்துக்குப் பருவம் கூலியாட்களை வேண்டிய பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டுவது. ஆகவே, தமிழகத்திலிருந்து வந்தோர் குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைத்தனர். ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்திலுள்ள டயகமவும் இவ்வாறு குடியேறிய தோட்டங்களுள் ஒன்றாகும்.

டயகமவும் அதனை அடுத்த அக்கரபத்தனையும் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயர்நிலங்கள். தை முதல் பங்குனி வரை, வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது, மேற்குச் சரிவுகளில் மழை குறைந்து பகல் வறண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும். கொழுந்து மெல்ல வளர்கின்றது, மணமோ மிகுகின்றது. அப்பருவத்துத் தேநீர் பொன்கலந்த செந்நிறமும் நாவை விழிப்பிக்கும் துவர்ப்பும் உடையது. கொழும்பிலே சுவைஞர், மதுவைச் சோதிப்பவர் போலவே, அதனைக் கரண்டியால் உறிஞ்சி, வாயெங்கும் பரப்பி, உமிழ்ந்து தரம் காண்பர்.

துவர்ப்பு எவ்வாறு உண்டாகின்றது? மதுவிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்ள, நாக்கு வறள்வதுபோல் தோன்றும். வேறு புரதம் கிடைப்பின் அவை அதனையும் பற்றும். கொழுப்பும் வாயை வழவழப்பாக்கும். எனவே ரியோகா மதுவுக்கு ஆட்டுக்குட்டி இறைச்சியும் செம்மறிப் பாற்கட்டியும் துணையாயின. தேநீருக்குப் பால் துணையாயிற்று.

ஆனால், லயத்திலே பால் எளிதன்று. அங்கே உள்ளங்கையில் சீனியையோ கருப்பட்டித் துண்டையோ வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தும் பழக்கம் வேரூன்றியது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது கோதுமை மா பரவிற்று. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் காலையுணவாயின. தேங்காயின் கொழுப்பைத் தேநீரின் துவர்ப்பு துடைக்கின்றது. மிளகாயின் எரிவின்மேல் கருப்பட்டி இனிமை சேர்க்கின்றது. வறுமை வகுத்த இணைப்பே எனினும், சுவையிலக்கணத்துக்கு அது சிறிதும் மாறானதன்று.

ரியோகாவில் திராட்சைக் கொடியின் கவ்வாத்துச் சுள்ளிகளை எரித்து, அத்தணலிலே ஆட்டு விலாவைச் சுடுவர். மலைநாட்டிலும் கவ்வாத்து செய்த தேயிலை மிலாறே அடுப்பெரித்து ரொட்டி சுடுகின்றது. வேற்றுமை ஒன்று உண்டு. அங்கே உழவர் தம் கொடியின் நல்ல மதுவைத் தம் மேசையிலும் வைத்துக் கொள்கின்றனர். இங்கோ உயர்ந்த தூள் ஏலத்துக்கும் கப்பலுக்கும் போக, லயத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தரம் தாழ்ந்த தூளே. குளிரில் நின்று பறித்த கொழுந்தின் முழுமணமும் பறித்தவர் கிண்ணத்தை என்று அடையுமோ, அன்றே டயகமத் தேநீரின் வரலாறு நிறைவுறும்.