பத்து ரூபாய்ப் பங்கு

தொழில் தொடங்க விரும்பும் ஏழைப் பெண்களுக்கு இடமும் பயிற்சியும் முதலும் தந்து வளர்த்துவிடும் அமைப்புகளைத் தொழில் வளர் காப்பகம் என்று இன்று அழைக்கின்றனர். அப்பெயர் நம் நாட்டில் பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே, அகமதாபாத் நகரின் நெரிசலான தெருக்களில் அப்பணி நடந்தது. ஏழைப் பெண்ணின் தொழில் வளராமற் போவதற்கு அவளுடைய அறியாமையே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வரலாறோ வேறு விடை கூறுகிறது.

ஆலை நகரமான அகமதாபாத்தில் அனசூயா சாராபாய் அம்மையாரும் காந்தியடிகளும் 1920-இல் அமைத்த தொழிற்சங்கம் ஆலைத் தொழிலாளருக்கு அரணாக நின்றது. ஆனால், ஆலைக்கு வெளியே தலைச்சுமை தூக்கியவர்களும், பழந்துணி விற்றவர்களும், காய்கறிக் கூடை சுமந்தவர்களும் எந்தக் கணக்கிலும் சேராதவர்கள். அச்சங்கத்தின் மகளிர் பிரிவை நடத்திவந்த இலா பட் என்னும் வழக்கறிஞரிடம், 1971-இல் துணிச்சந்தையில் சுமை தூக்கிய பெண்கள் முறையிட்டனர். அவர்களுடைய அற்பக் கூலியைப் பற்றி அம்மையார் நாளிதழில் எழுதினார். வணிகர்கள் மறுப்பு வெளியிட்டு, தாங்கள் நியாயமான கூலியே தருவதாகச் சாதித்தனர். அம்மையார் அந்த மறுப்பையே அட்டைகளில் அச்சிட்டுப் பெண்களிடம் கொடுத்தார். வணிகர் தம் வாயால் சொன்ன கூலியைக் கேட்க அந்த அட்டையே சான்றாயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் சுயதொழில் புரியும் பெண்கள் சங்கம் தோன்றியது. அதன் சுருக்கப் பெயரே 'சேவா'. பதிவு செய்யச் சென்றபோது, முதலாளியே இல்லாத சங்கம் யாரை எதிர்த்துப் போராடும் என்று அதிகாரிகள் வினவினர். சங்கம் என்பது எதிர்ப்பதற்கு மட்டுமன்று, உழைப்போர் ஒன்றுகூடுவதற்கும்தான் என்று வாதாடி, 1972 ஏப்ரல் 12-இல் பதிவு பெற்றனர்.

அடுத்த தடை முதல். காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பித் தரும் பெண்ணின் கையில் மிஞ்சுவது சொற்பமே. 1969-இல் பெரிய வங்கிகள் நாட்டுடைமையான பின்பும், அழுக்குச் சேலையும் இடுப்பில் குழந்தையுமாக வந்தவளுக்கு அங்கே முகமலர்ச்சி கிட்டவில்லை. எனவே தங்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று பெண்கள் துணிந்தனர். 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய்ப் பங்கு செலுத்தினர். எழுதத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்ற தடை எழுந்தது. பொறுப்பேற்க வந்த பெண்கள் ஓரிரவு முழுவதும் கண்விழித்துத் தம் பெயரை எழுதிப் பழகினர்! 1974-இல் கூட்டுறவு வங்கி பிறந்தது. கையெழுத்திட இயலாத உறுப்பினரை அடையாளம் காண அவர்களுடைய நிழற்படமே பயன்பட்டது. வட்டிக்கடையில் மூழ்கவிருந்த நகைகளை மீட்கவும் அவ்வங்கி கைகொடுத்தது.

கடன் கிடைத்துவிட்டால் போதுமா? தரியாப்பூர்ப் பகுதியின் முஸ்லிம் பெண்களுடைய கதை இதற்கு விடையாகும். ஆலைகளில் கழிந்த துண்டுத்துணிகளை இணைத்து மெத்தை விரிப்புறை தைப்பது அவர்கள் தொழில். வணிகர் துணி தருவார், தைத்ததை அவரே திரும்பப் பெற்று, உருப்படிக்குச் சில காசு கூலி தருவார். மேலப்பாளையத்தில் இலையும் தூளும் வாங்கிவந்து பீடி சுற்றும் குடும்பங்களை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. அப்பெண்கள் ஒன்றுகூடிக் கூலி உயர்வு கேட்டபோது, வணிகர்கள் துணி தருவதையே நிறுத்தினர். தையல் தெரியும், உழைக்க மனமும் உண்டு. ஆனால் துணியின் வாயிலும் சந்தையின் வாயிலும் பிறர் கையில் இருந்தன. ஆகவே சங்கமே ஆலைகளிடமிருந்து கழிவுத்துணி வாங்கவும், தைத்த விரிப்புகளை விற்கவும் முன்வந்தது. நாளடைவில் அப்பெண்கள் 'சபீனா' என்ற பெயரில் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர்.

இடர்கள் அத்துடன் ஓயவில்லை. 1981-இல் தாய்ச் சங்கத்தோடு கருத்து மாறுபட்டு, சேவா தனித்து நிற்க நேர்ந்தது. 1980-களில் ஆலைகள் பல மூடப்பட்டன. 1985-இல் மாதக்கணக்கில் நீடித்த கலவரமும் ஊரடங்கும் அன்றாடம் உழைத்துண்ணும் வீடுகளின் அடுப்பை அணைத்தன. ஊரில் அமைதியில்லாவிடில் எந்தக் கடனும் எந்தப் பயிற்சியும் பயன்படா என்பதை அந்நாட்கள் காட்டின. ஆயினும் சங்கம் கலையவில்லை, வங்கியும் மூடப்படவில்லை. இலா பட் அம்மையார் 2022 நவம்பரில் மறைந்தபோது, உறுப்பினர் தொகை பல இலட்சங்களாகப் பெருகியிருந்தது.

ஏழைப் பெண்ணுக்குத் தொழில் கற்பிக்கப் புறப்படுவோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று. தரியாப்பூர்ப் பெண்ணுக்குத் தைக்கத் தெரிந்திருந்தது. அவளுக்குக் கிட்டாதிருந்தவை தன் பெயரில் ஒரு கணக்கு, நேரடியாகச் சரக்கு வாங்கும் வழி, விலை பேசும் வலிமை ஆகிய மூன்றுமே. நம் தெருவில் தையல் இயந்திரத்தின் ஓசை கேட்கும் வீடுகளில், இம்மூன்றில் எது இல்லை என்று நாம் கேட்டறிந்தோமா?